சம்பந்தியம்மா இறங்கும் இடம்

நரிமேட்டுப்பட்டு ஸ்டேஷனை யாராவது ஹால்ட் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. பலகை எழுதியவருக்கு என்ன தெரியும்? டிக்கெட் கொடுக்க ஓர் அறை இருக்கிறது, அதில் நான் இருக்கிறேன். உட்கார இரண்டு சிமெண்ட் பெஞ்சு, நிழலுக்கு ஒரு வேப்பமரம். ரயில் வந்து நிற்கிறது. இதற்கு மேல் ஒரு ஸ்டேஷனுக்கு என்னதான் வேண்டும்? என் பேர் தனசேகரன். ரயில்வேயில் வேலை இல்லை, கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஏஜெண்ட். ஊரில் என்னைக் கிண்டலாக ‘ஸ்டேஷன் மாஸ்டர்’ என்று கூப்பிடுவார்கள். கிண்டல் என்று தெரிந்தும் திரும்பிப் பார்ப்பேன்.

குறை என்று பார்த்தால் இரண்டுதான். ரயில் ஒரே ஒரு நிமிஷம் நிற்கும். பிளாட்பாரம் தண்டவாள மட்டத்திலேயே இருக்கிறது. மண்ணைக் கொட்டி ஓரத்தில் கல் கட்டியதோடு சரி. பெட்டியின் கீழ்ப்படிக்குக் காலைத் தூக்கி வைக்க வேண்டுமென்றால் தொடை வரை தூக்க வேண்டும். தினமும் காலையில் சேலத்துக்கு வேலைக்குப் போகிற இருபத்திரண்டு பேரும் தாவிப் பழகியவர்கள். அதிலும் சப்ரின் இருக்கிறாளே, ஒரு கையில் சாப்பாட்டுப் பை, ஒரு கையில் கம்பி, ஒரே தாவில் உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். சேலத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் மூன்று வருஷமாக வேலை செய்கிறாள்.

பொங்கல் முடிந்த வாரம் அவளுடைய அம்மா ரஜியாக்கா என் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார். எனக்கு ஆச்சரியம். நான் டிக்கெட் விற்கிற பதினோரு வருஷத்தில் அந்த ஜன்னலில் நான் அவர் கையைப் பார்த்ததே இல்லை. முழங்கால் வலிக்காரர், உடம்பும் கனம். ரயிலில் ஏற முடியாது. பஸ்ஸில் ஏறினால் ரெண்டாவது ஸ்டாப்பில் வாந்தி. அவர் வீட்டுக்காரர் தஸ்தகீர் பாய் கள்ளக்குறிச்சியில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். மொபெட்டில் போய் வருவார். ரஜியாக்காவோ ஊரை விட்டு எங்கும் போனதில்லை.

“டிக்கெட்டாக்கா?” என்று கேட்டேன்.

“டிக்கெட் இல்ல சேகரு. சப்ரினுக்கு எடம் வந்துகீது. சேலத்துல. பையன் பேரு வாஜித், ஏ.சி. ரிப்பேரு பண்றாரு. அவங்கம்மா ஷம்ஷாத் கண்ணாடி போட போன கடையில நம்ம பொண்ண பாத்து புடிச்சிப்போச்சி.”

“நல்ல சேதிதானே. அதுக்கு ஏன் மூஞ்ச இப்டி வச்சிகினு கீறீங்க?”

“அந்தம்மா போன்ல ஒன்னே ஒன்னுதான் கேட்டாங்க. ‘வந்து போக வசதியா இருக்குமா?’ன்னு. நான் சும்மா இருந்திருக்கலாம். ‘எங்க வூட்டு வாசல்லயே ரயிலு நிக்கும்’னு சொல்லிட்டேன். ‘அப்ப ஞாயித்துக்கெழம ரயில்லயே பத்து பேரு வர்றோம், வசதிப்பட்டா அன்னிக்கே மோதிரம் போட்டுடறேன், இல்லன்னா தப்பா எடுத்துக்காதீங்க’ன்னு சொல்லிட்டாங்க.” குரலைத் தாழ்த்தினார். “அந்தம்மாவுக்கும் என்ன மாதிரியே முட்டி வலி, உடம்பு ஜாஸ்தி. எப்டிடா எறங்குவாங்க?”

வசதிப்பட்டாலாம்! என் ஸ்டேஷனைப் பார்த்து ஒரு சேலத்துக்காரம்மா இப்படிக் கேட்டுவிட்டாரே என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “பத்து பேரயும் நான் எறக்கி காட்டுறேன்க்கா, நீங்க பிரியாணிய பாருங்க” என்று சொல்லிவிட்டேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடிவிடும்.

அந்தச் சமயத்தில் ஊரில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு லோடு ஏற்றும் ஆட்களுக்குப் பச்சமுத்துதான் மேஸ்திரி. ஒரு டன் கரும்பைக் கீழேயிருந்து கைமாற்றிக் கைமாற்றி லாரிக்கு ஏற்றுவதை நீங்கள் பார்த்திருந்தால், நான் ஏன் அவனிடம் போனேன் என்று புரியும். ஒருவன் கட்டைத் தூக்கிக் கொடுப்பான், அடுத்தவன் வாங்குவதற்குள் முதல் ஆள் அடுத்த கட்டுக்குத் திரும்பியிருப்பான். யாரும் யார் முகத்தையும் பார்க்கமாட்டார்கள்.

பச்சமுத்து விஷயத்தைக் கேட்டுத் தாடையைச் சொறிந்தான். “ஏத்தி பழக்கம் மாஸ்டரு. எறக்கி பழக்கம் இல்ல. ஆனா சரக்கு சரக்குதானே?”

“சரக்கு இல்லடா, சம்மந்தி.”

“சரி, சம்மந்தி. லாரிக்கு போடுற ஏணிய எடுத்தாந்துடறேன். அகலமான படி, நாலு பேரு நின்னாலும் தாங்கும்.”

வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் ஒத்திகை பார்த்தோம். கரும்பு டிராக்டரின் டிரெய்லரை வேப்பமரத்தடியில் நிறுத்தி அதுதான் ரயில் பெட்டி என்று வைத்துக்கொண்டோம். பச்சமுத்துவின் பெண்சாதி செவ்வந்தி, சம்பந்தியம்மாவாக நடித்தாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு அவள் செய்த அலட்டலைச் சொல்லி முடியாது.

“யோவ், மெதுவா புடிய்யா. நான் யாரு தெரியுமா? சேலத்து சம்மந்தி. எனக்கு ஜூஸு எங்க?”

“எறங்குடி மொதல்ல” என்றான் பச்சமுத்து.

“பாத்தியா, மாப்ள வூட்டாள ‘டீ’ போட்டு பேசுறான். நான் திரும்பி போறேன்.”

ரஜியாக்கா பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பொத்திச் சிரித்தார். பயத்தில் இரண்டு நாளாகச் சாப்பிடாத மனுஷி சிரித்ததைப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. முதல் தடவை பத்து பேரை இறக்க ஒன்றே முக்கால் நிமிஷம் ஆனது. சனிக்கிழமை சாயங்காலம் முப்பத்தெட்டு வினாடி. நான் செல்போனில் நேரம் பார்த்துக் கையைத் தூக்கினேன்.

கடைசியாக ஆட்களுக்கு அடையாளம் சொல்ல வேண்டியிருந்தது. இதை நான் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன், அதுதான் வேடிக்கை. “நல்லா கேளுங்க. மூணாவது பெட்டி. அந்தம்மா கண்ணாடி போட்டு, உடம்பு கொஞ்சம் ஜாஸ்தியா இருப்பாங்க. மொதல்ல அவங்க. அப்புறம் எவன் எவன் கையில தட்டு கீதோ அவன் எல்லாம் நம்ம ஆளு. கேள்வி கேக்காதீங்க, பேசிகினு நிக்காதீங்க, எறக்குங்க. பத்து எண்ணி முடி.”

ஞாயிற்றுக்கிழமை ரயில் சரியாகப் பத்து இருபதுக்கு வந்தது. மூன்றாவது பெட்டியின் வாசல் ஏணிக்கு நேராக, அளந்து வைத்தது போல நின்றது. வாசலிலேயே கண்ணாடி போட்ட அம்மா ஒருத்தர் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். சந்தேகமே இல்லை. பச்சமுத்து ஏணியைச் சாத்தினான், செவ்வந்தி கையைக் கொடுத்தாள், ஷம்ஷாத் அம்மா ‘யா அல்லா’ என்று சொல்லி முடிப்பதற்குள் தரையில் நின்றார். பதினோரு வினாடி! அதற்குள் இரண்டு ஆட்கள் உள்ளே ஏறிவிட்டார்கள். தட்டு வந்தது, தட்டுக்குப் பின்னால் ஆள் வந்தார். இன்னொரு தட்டு, இன்னொரு ஆள். பழத்தட்டு, பூத்தட்டு, ஜாங்கிரித் தட்டு. “ரெண்டு, மூணு, நாலு” என்று பச்சமுத்து எண்ணிக்கொண்டே போனான். யாரோ எதையோ கத்தினார்கள். கரும்புக் கட்டு கத்தினால் யார் கேட்பது?

“பத்து!” என்றான்.

நாற்பத்தொரு வினாடி. நான் ரயில் கார்டைப் பார்த்து ராஜா மாதிரி கையை அசைத்தேன். ரயில் நகர்ந்தது.

ரஜியாக்கா பன்னீர்ச் செம்போடு ஓடி வந்தார். ஷம்ஷாத் அம்மாவுக்கு சலாம் சொன்னார். அடுத்து நின்ற அம்மாளை ஆசையாகக் கட்டிப்பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்த அம்மாளின் நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். அவருக்குப் பின்னால் நின்றவர் நெற்றியில் மூன்று பட்டை விபூதி. ஒன்பது நெற்றியிலும் ஏதாவது ஒன்று இருந்தது.

“யோவ், யாருய்யா நீங்கள்ளாம்?” என்று விபூதிக்காரர் அலறினார்.

“பொண்ணு வூட்டுக்காரங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“எந்த பொண்ணு வூடு? எங்க பொண்ணு வூடு விருத்தாசலத்துல கீதுய்யா! வாய தொறக்கறதுக்குள்ள தூக்கி தூக்கி கைமாத்திட்டானுங்களே, நான் இன்னா ஆளா, மூட்டையா?”

அவர் பேர் பொன்னுரங்கம். தம்பி மகனுக்கு நிச்சயம் பண்ணப் போய்க்கொண்டிருந்தவர். தை மாதம், ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்த நாள். அன்றைக்கு ரயிலில் பாதிப் பேர் கையில் தட்டு இருக்கும் என்று ஏழாங்கிளாஸ் படித்தவனுக்குக் கூடத் தெரியும். நான் பன்னிரண்டாவது பாஸ்.

தூரத்தில் போய்க்கொண்டிருந்த மூன்றாவது பெட்டியின் வாசலில் ஒரு பையன் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன்தான் மாப்பிள்ளை. அவர்கள் விவரமானவர்கள், தட்டையெல்லாம் பைக்குள் வைத்து ஜிப்பு போட்டிருந்தார்கள். அதனால் எங்கள் ஆட்கள் அவர்களை ஓரமாகத் தள்ளிவிட்டு வேலை பார்த்திருக்கிறார்கள்.

ரஜியாக்கா பெஞ்சில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். “போச்சி. எம்பொண்ணு வாழ்க்க போச்சி.” எனக்குத் தண்டவாளத்தில் தலையை வைத்துப் படுத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் சாயங்காலம் வரை அடுத்த ரயில் கிடையாது.

அப்போது சப்ரின் ஓடி வந்தாள். ரோஸ் பட்டு, கை நிறைய மருதாணி, காலில் மட்டும் தினமும் வேலைக்குப் போடுகிற ரப்பர் செருப்பு. ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். போனை எடுத்தாள்.

“ஹலோ, நாந்தான். அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிடுங்க. வலது பக்கம் எறங்காதீங்க, அங்க பள்ளம். எல்லாரும் பெஞ்சாண்டயே இருங்க, வண்டி வருது. அம்மா இங்க பத்திரமா கீறாங்க.”

ரஜியாக்கா அந்தத் துக்கத்திலும் நிமிர்ந்து பார்த்தார். “ஏண்டி, அவரு நம்பரு உன்னாண்ட ஏது?”

“கண்ணாடி ரெடின்னு சொல்றதுக்கு வாங்கனதும்மா.”

“கண்ணாடி போட்டு மூணு மாசம் ஆவுதேடி?”

சப்ரின் டிராக்டர் டிரைவர் கவியரசனைக் கூப்பிட்டாள். பொன்னுரங்கம் கூட்டத்தை மெயின் ரோட்டில் விருத்தாசலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அப்படியே அடுத்த ஸ்டேஷனுக்குப் போய் வாஜித் கூட்டத்தை ஏற்றி வர வேண்டும் என்றாள். பொன்னுரங்கம் டிரெய்லரைப் பார்த்ததும் பின்வாங்கினார்.

“நிச்சயத்துக்கு கரும்பு வண்டிலயா போறது?”

“தை மாசத்துல கரும்போட போனா எந்த பொண்ணு வூட்டுல வேணாம்னு சொல்ல போறாங்க?” என்று செவ்வந்தி இரண்டு முழுக் கரும்பைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். அவர் பெண்சாதி, அந்தக் குங்கும அம்மாளுக்கு, அது பிடித்துவிட்டது. “நல்ல சகுனந்தான், ஏறுய்யா” என்று புருஷனைத் தள்ளினாள். பச்சமுத்து ஏணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். “நீ கிட்ட வராத!” என்று கத்திவிட்டு பொன்னுரங்கம் தானாகவே ஏறிக்கொண்டார்.

வண்டி போனதும் ஸ்டேஷன் ஓய்ந்துபோனது. ஷம்ஷாத் அம்மாவை என் டிக்கெட் அறைக்குள் ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தேன். எதிரில் ரஜியாக்கா. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சப்ரினை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். நான் ஓரமாக நின்றேன். என் அறையில் நான் உட்கார இடமில்லை.

ஷம்ஷாத் அம்மா தண்ணீர் குடித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

“அந்த ஏணி தினமும் இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

“தினமும் கீதுங்க” என்றேன்.

“இல்லீங்க. இன்னிக்குத்தான் கொண்டாந்தாங்க” என்றார் ரஜியாக்கா. பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

“அப்ப நீங்க எப்படி ஏறுவீங்க?”

ரஜியாக்கா மருதாணி போட்ட தன் விரல்களைப் பார்த்தார். “ஏறிடுவேங்க.”

ஷம்ஷாத் அம்மா என் பக்கம் திரும்பினார். “தம்பி, இவங்க கடைசியா எப்ப டிக்கெட் வாங்குனாங்க?”

நான் வாய் கூசாமல் அளந்துவிடுவேன் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். போன வாரம், போன மாசம், ரம்ஜானுக்கு என்று மூன்று பொய் நாக்கின் நுனியில் வரிசையில் நின்றன. ஆனால் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பார்வைக்கு முன்னால் ஒன்றும் வெளியே வரவில்லை.

“வாங்கனதே இல்லீங்க” என்றேன்.

ரஜியாக்கா அழ ஆரம்பித்துவிட்டார். “என்னால ஏற முடியாதுங்க. பஸ்ஸும் ஒத்துக்காது. ஆனா நீங்க வந்து போவறதுக்கு ஒரு கொறையும் வராதுங்க. ஒவ்வொரு தபாவும் ஏணி போட்டு எறக்கிடுவோம். எங்களால உங்களுக்கு செரமம் வேணாம்னுதான்…”

“எனக்கு எதுக்குங்க வசதி?” என்றார் ஷம்ஷாத் அம்மா.

ரஜியாக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

“என் பெரிய பொண்ணை ஹூப்ளியில குடுத்தேன். நல்ல எடம், நல்ல மாப்ள. ஒன்பது வருஷம் ஆச்சு. ரெண்டே தடவ போயிருக்கேன். ஒரு தடவ அவ முடியாம கெடந்தா, ராத்திரி போன்ல அழுதா. இந்த முட்டிய வச்சுக்கிட்டு ரெண்டு ரயில் மாறி நான் போய்ச் சேர்றதுக்குள்ள அவளே எழுந்து சமைச்சுக்கிட்டிருந்தா. ‘ஏம்மா இவ்ளோ லேட்டு’ன்னு ஒரு வார்த்த கேக்கலைங்க. கேட்டிருந்தா கூட ஆறியிருக்கும்.” மூக்கை உறிஞ்சினார். “வந்து போக வசதியான்னு நான் கேட்டது எனக்கு இல்லீங்க. நீங்க உங்க பொண்ண வந்து பாத்துட்டுப் போக வசதியான்னு கேட்டேன்.”

மூன்று நாளாக இந்த அம்மாவை என் ஸ்டேஷனைக் குறை சொல்ல வந்த எதிரியாகவே நினைத்திருந்தேன், வெட்கமாக இருந்தது.

“சாப்பாட்டுல ஒரு கொறையும் வைக்க வேண்டாம்” என்று அவர் எழுந்தார். “சாப்புடுவோம், பேசுவோம். ஆனா மோதிரம் என் பையிலயே இருக்கட்டும். சாயங்கால ரயிலுக்கு நாங்க கெளம்பும்போது நீங்க ஒரு தடவ அந்தப் பெட்டியில ஏறிக் காட்டுங்க. நீங்க ஏறிட்டா, அங்கயே பொண்ணுக்குப் போட்டுடறேன்.”

“ஏறலன்னா?” என்று நான் கேட்டேன்.

“ஏறலன்னா இந்தப் பாவத்த நான் பண்ண மாட்டேன் தம்பி.”

பதினொன்றரைக்கு டிராக்டர் திரும்பி வந்தது. வாஜித்தும் மற்ற எட்டு பேரும் டிரெய்லரில் நின்றபடி, தலையெல்லாம் கரும்புச் சோகைத் தூசியோடு வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை முதலில் தேடியது அம்மாவை இல்லை. அதைப் பார்த்து அம்மாவே சிரித்துவிட்டார். பிரியாணி நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். ரஜியாக்கா மட்டும் ஒரு வாய் வைக்கவில்லை. யாருக்குப் பரிமாறினாலும் அவர் கண் சுவரிலிருந்த கடிகாரத்துக்கே போனது. தஸ்தகீர் பாய் அவர் பக்கத்தில் போய், “நான் வேணா ஒருதபா பேசி பாக்கட்டுமா?” என்றார். “வேணாங்க. அவங்க கேக்கறது நாயந்தான்” என்றார் ரஜியாக்கா.

ஐந்தே முக்கால் ரயிலுக்கு ஊரே வந்துவிட்டது. ஏணி தயார். இந்தத் தடவை ஏற்றும் வேலை என்பதால் பச்சமுத்துவின் ஆட்களுக்கு உற்சாகம். “இது நம்ம தொழிலு மாஸ்டரு” என்றான். நான் ஒரே கட்டளைதான் போட்டேன், யாரையும் அடையாளம் பார்த்துத் தூக்க வேண்டாம்.

ரயில் நின்றது. மற்றவர்கள் பக்கத்து வாசலில் தாவி ஏறினார்கள். ஷம்ஷாத் அம்மா ஏணியில் ஏறி உள்ளே போய் நின்றுகொண்டு கீழே கையை நீட்டினார். ரஜியாக்கா செருப்பைக் கழற்றிவிட்டு முதல் படியில் காலை வைத்தார். பின்னால் செவ்வந்தி தோளைக் கொடுத்தாள். இரண்டாவது படி. அங்கே நின்றுவிட்டார். கீழே பார்த்துவிட்டார், அதுதான் தப்பு. கால் நடுங்கி ஏணியும் சேர்ந்து நடுங்கியது.

“சேகரு, வேணாம்டா. நான் எறங்கிடறேன்.”

“முப்பது வினாடி ஆச்சிக்கா! ஏறுங்கக்கா!”

“என்னால முடியாதுடா!”

தஸ்தகீர் பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போது பக்கத்து வாசலில் ஒரு ரோஸ் பட்டு தாவியது. சப்ரின்! மற்றவர்களை விலக்கிக்கொண்டு பெட்டிக்குள்ளேயே ஓடி வந்து, ஷம்ஷாத் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

“ம்மா, கீழ பாக்காத. என்ன பாரு. வா.”

மேலே இரண்டு கை. ஒன்று மகள் கை, ஒன்று சம்பந்தி கை. ரஜியாக்கா மகளைப் பார்த்தார். மூன்றாவது படியில் கால் போனதை நான் பார்த்தேன். நான்காவதில் எப்போது போனது என்று தெரியாது, ஏனென்றால் அப்போது எனக்குக் கண் மறைத்தது. பச்சமுத்துவின் ஆட்கள் லோடு முடிந்தால் போடுகிற சத்தத்தைப் போட்டார்கள். ரஜியாக்கா உள்ளே நின்றார்.

ஷம்ஷாத் அம்மா அந்த நிமிஷத்தில் ஒரு வினாடியைக்கூட வீணாக்கவில்லை. மோதிரம் ஏற்கெனவே அவர் உள்ளங்கையில் இருந்திருக்கிறது. வாசலிலேயே, கக்கூஸ் கதவுக்கும் தீயணைக்கும் பெட்டிக்கும் நடுவில், சப்ரின் விரலில் போட்டார். வாஜித் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான். ஹார்ன் அடித்தது. பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர ஆரம்பித்தது. சப்ரின் பழக்கதோஷத்தில் புடவையைத் தூக்கிப் பிடித்து, ஓடுகிற பக்கமாகக் குதித்துப் பிளாட்பாரத்தில் நின்றாள். நான் திட்டத் திரும்பினேன். அப்புறம்தான் எல்லாருக்கும் உறைத்தது.

ரஜியாக்காவை ஏற்றுவது எப்படி என்று யோசித்தோமே தவிர, இறக்குவது பற்றி ஒருத்தர்கூட யோசிக்கவில்லை.

“சேகரு!” என்று வாசலில் இருந்து ரஜியாக்கா கத்தினார். “எனக்கு செருப்பு இல்லடா! நான் எப்டிடா திரும்பி வருவேன்?”

“காலையில ரயில்ல வாங்கக்கா! நாங்க எறக்கிக்கறோம்!”

ஷம்ஷாத் அம்மா அவர் தோளில் கை போட்டு உள்ளே இழுத்துக்கொண்டதைப் பார்த்தேன். “எங்க வீட்லதான இருக்கப் போறீங்க, அதுக்கு ஏன் அழுவறீங்க?” என்று அவர் கேட்டது ரயில் சத்தத்திலும் காதில் விழுந்தது. ரயில் வளைவில் திரும்பி மறைந்தது.

நாங்கள் அப்படியே நின்றோம். காலை முதல் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசாத தஸ்தகீர் பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

“இன்னா சேகரு இது. பொண்ணுக்கு முன்னாடி அம்மாக்காரி மாமியார் வூட்டுக்கு போயிட்டா.”

செவ்வந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சப்ரின் சிரிக்கவில்லை. மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பயப்படாதே, அம்மா பத்திரமாகப் போய்ச் சேர்வார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் போன் அடித்தது. வாஜித் நம்பர். ஸ்பீக்கரில் போட்டாள்.

“சப்ரின்?” ரஜியாக்காவின் குரல். பின்னால் ரயில் தடதடத்தது. “எனக்கு ஜன்னலோரம் சீட்டு குடுத்துகிறாங்கடி.”

“பயமா கீதாம்மா?”

“இல்லடி. வாந்தியும் வரல. மலை தெரியுது. நம்ம மொட்டமாடில துணி காய வைக்கும்போது பாப்பமே, அதே கல்வராயன் மலைதான். கூடவே ஓடியாருதுடி.” “இந்த மலைய மூணு வருஷமா நீ தெனம் பாத்துகினு போனியா? வூட்ல ஒரு நாளு கூட சொல்லலியே.”

“நீ வர முடியாதேன்னு சொல்லலம்மா” என்றாள் சப்ரின். போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். நானும் அழுதேன். ஏஜெண்ட் அழக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை.